பிள்ளைக்காம்பராக் குளம்

அரசும் புலிகளும் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் மாத்தளை அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்தில் பிள்ளைகளுக்கு மீன்பிடி விழா வைத்தார்கள். ஊர்ச் சங்கம் ஒன்று குளத்தைத் துப்புரவாக்கி, லொறியில் மீன் கொண்டுவந்து விட்டு, பந்தல் போட்டு, ஒலிபெருக்கியும் கட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என் கடைசி மகளுக்கு அப்போது எட்டு வயது. கூட்டிக்கொண்டு போனேன்.

போய் அரை மணி நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரை நிறையத் தூண்டில்கள். ஒன்றுகூடப் பிள்ளையின் கையில் இல்லை. தகப்பன்மார் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் நின்று செருப்பால் மண்ணைக் கிளறுகிறார்கள். மீன் மாட்டியதும் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு படம். அடுத்த நிமிஷம் மீன் பைக்குள். எனக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன், நல்ல இஸ்திரி போட்ட சட்டை, மகனிடமிருந்து கம்பைப் பிடுங்கி, "ஒனக்கு ஏலாது, அங்கிட்டு நில்லு" என்றான்.

நான் அந்தக் கம்பைப் பிடித்து இழுத்தேன்.

"கைய எடுங்க. இது புள்ளைங்க கொளம். மீச மொளச்சவனுக்கு இங்க என்ன வேல?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மகள் வெட்கத்தில் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வாங்க போவோம்" என்றாள். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அந்த வார்த்தை என்னுடையதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒருத்தி தினமும் சொன்ன வார்த்தை அது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பலாபத்வலையிலிருந்து உள்ளே ஏறிப் போகிற ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போகிற தாய்மார் விடியும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற நீளமான அறைக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் ஆயம்மா என்றோம். பெயர் ஒன்று இருந்திருக்கும், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் எழுதியும் இருப்பார்கள். எனக்குத் தெரியாது. இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு. தோட்டம் கொடுத்த வெள்ளைச் சட்டையில் பொத்தான் போன இடத்தில் ஊசி குத்தியிருப்பாள். எந்நேரமும் கார்பாலிக் சவர்க்கார வாசம். கோபம் வந்தால் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொள்வாள். அது எந்நேரமும் வந்துகொண்டே இருந்ததால் அந்த உதட்டில் ஒரு தழும்பே விழுந்திருந்தது.

எங்களைத் திட்டமாட்டாள் என்றால் பொய். "சனியனுங்களா" என்றுதான் எங்களைக் கூப்பிடவே தொடங்குவாள். ஆனால் பெரியவர்களைத் திட்டும்போது அந்தக் குரலே வேறு. வளர்ந்த மனிதர் ஒருவரையும் அவள் நம்பவில்லை. துரையையும் கணக்கப்பிள்ளையையும் சங்கத் தலைவரையும் நம்பாதவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். இவள் எங்களைப் பெற்றவர்களையும் நம்பவில்லை. அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லவேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன்.

ஏன் அப்படி ஆனாள் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனான் என்றார்கள். பெற்ற பிள்ளை செத்துப்போனது என்றார்கள். ஒரு பொம்பளை கோபப்பட்டால் உடனே அதற்கு ஒரு கதை வேண்டும் நம் ஆட்களுக்கு. கண் இருந்தால் போதாதா?

பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே அந்தக் குளம் இருந்தது. முன்பு ரப்பர் ஷீட் கழுவத் தண்ணீர் எடுத்தது. புதுத் தொட்டி கட்டிய பிறகு சும்மா கிடந்தது. நுளம்புக்கடி பெருகுகிறது என்று யாரோ ஒரு துரை அதில் திலாப்பியா மீன் விட்டார். பிறகு ஒரு பிள்ளை தவறி விழுந்து தூக்கி எடுத்ததும், மண் போட்டு மூடச் சொல்லி உத்தரவு வந்ததாம். ஆயம்மா பங்களாவுக்கு நடந்து போய் முன்வாசலிலேயே நின்று, "மூடாதீங்க தொர. புள்ளைங்களுக்குக் குடுங்க. விழுந்தா நான் பொறுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம். அன்றிலிருந்து அது பிள்ளைகளின் குளம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற எந்தப் பிள்ளையும் தூண்டில் போடலாம். மூங்கில் குச்சி, நூல், தேய்ந்த செருப்பில் வெட்டிய மிதப்பு, மண்புழு. பெரியவர்கள் அதில் கால் கழுவவும் முடியாது.

பொம்பளைப் பிள்ளைகள் தூண்டில் பிடிப்பதா என்று லயத்து வரிசை வீடுகளில் கிழவிகள் முணுமுணுத்தார்கள். "அதுக்கு வயிறு கெடையாதா?" என்றாள் ஆயம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் அந்தக் குளத்தில் கெட்டிக்காரி.

இரண்டு சட்டம் வைத்திருந்தாள். பிடித்த மீனை அவளிடம் கொண்டுபோக வேண்டும். நம் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை மீனை வைத்துப் பார்ப்பாள். கையைவிடச் சின்னதாக இருந்தால் மீன் திரும்பத் தண்ணீருக்குப் போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுக் கை, பன்னிரண்டு வயதுக்காரனுக்குப் பெரிய கை. சின்னதுகளுக்குச் சின்ன மீன் போதும், பெரியவன் பெரிதாகப் பிடித்துக் காட்டவேண்டும். அதைவிட நியாயமான சட்டத்தை நான் இந்த நாட்டில் பிறகு பார்க்கவில்லை.

இரண்டாவது சட்டம்தான் சண்டைக்கு இழுத்தது. மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவளே உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, பிடித்த பிள்ளைக்கு ஒன்று கொடுத்து, மிச்சத்தை முள் எடுத்துக் கைப்பிள்ளைகளுக்குக் கஞ்சியில் பிசைந்து ஊட்டுவாள். பிடித்தவர்கள் அவள் கண்முன்னே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். "இங்கயே தின்னு" என்பாள். ஏன் என்று ஒரு தாய் கேட்டாள்.

"ஊட்டுக்கு வந்தா எவன் தட்டுக்குப் போகும்? நீ சொல்லு பாப்போம்" என்றாள் ஆயம்மா.

எங்கள் லயத்தில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். நடுத்துண்டு அவர்களுக்கு, வால் பிள்ளைகளுக்கு, சட்டியில் ஒட்டியது பொம்பளைக்கு. யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒருமுறை கணக்கப்பிள்ளை ஐயாவே வந்தார். வீட்டுக்கு விருந்தாட்கள் வந்திருக்கிறார்களாம், நாலு மீன் வேண்டுமாம். ஆயம்மா மரியாதையாகத் தலையை ஆட்டினாள். உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பக்கத்தில் விரித்தாள். ஒரு தகரக் கோப்பையையும் வைத்தாள்.

"கையக் கழுவிட்டு வந்து குந்துங்க ஐயா. புள்ளைங்களோட சாப்பிட்டுட்டுப் போங்க. ஊட்டுக்கு மட்டும் குடுக்க ஏலாது."

ஐயா சப்பாத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மாதம் ஆயம்மாவுக்கு நாலு நாள் சம்பளம் வெட்டு விழுந்தது. அதற்கும் சேர்த்து அவரைத் திட்டிக்கொண்டே பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள்.

பிறகு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரும் வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க மாத்தளை டவுனுக்குப் போனபோது ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கம்மா" என்றாராம். "பொறந்த நாட்ட விட்டுத் தொரத்துறானுங்க, ஒனக்குச் சிரிப்பு வேணுமா?" என்று கேட்டாளாம். அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினாள். உதட்டைக் கடித்தபடிதான் இருந்தாள். போன பிறகு ஒரு கடிதமும் வரவில்லை.

அவள் போனது பிறகு. நான் சொல்லவேண்டியது அதற்கு முந்திய வருஷம் நடந்தது.

தோட்டம் கைமாறின காலம். வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம். கூப்பன் கடையில் அரிசி இல்லை, மாவு இல்லை. மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, அதுவும் முடிந்த பிறகு காட்டுக் கீரை. எங்கள் ஆட்கள் மாத்தளை டவுனில் கடை கடையாகப் போய்க் கையேந்தினார்கள். நாட்டுக்கே உழைத்துக் கொடுத்த கைகள் அவை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குத் தம்பி பிறந்தான். எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. தம்பி இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அழுவான். அம்மா கீரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி அவனை மார்பில் போடுவாள். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "பச்ச ஒடம்புக்காரிக்குக் கொஞ்சம் மீன் குடுத்தா பால் ஊறும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் நல்ல மீன் ஒன்று பிடித்தேன். என் கையைவிடப் பெரியது. ஆயம்மாவிடம் காட்டாமல் பாவாடையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கரையேறினேன். பத்தடி போகவில்லை. மீன் துள்ளிற்று.

"நில்லுடி."

எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அவள் என் பாவாடையை உதறி மீனை எடுத்தாள். "அம்மாவுக்கு" என்றேன். "பால் இல்ல" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போனா அவ வாய்க்கா போகும்? ஒங்கப்பன் பாத்துக்கிட்டு சும்மா இருப்பானா? ஒங்கம்மாவ இங்க வரச்சொல்லு. காலயில பத்து மணிக்கு, புள்ளக்காரிங்க பால் குடுக்க வருவாளுகல்ல, அந்நேரம் வந்து குந்திச் சாப்பிடட்டும்."

"தீட்டு" என்றேன். முப்பது நாள் கழியாமல் பிள்ளை பெற்றவள் லயத்து வாசலைத் தாண்டமாட்டாள். அது அவளுக்கும் தெரியும்.

"தீட்டாவது மண்ணாவது. நான் சொன்னேன்னு சொல்லு."

அந்த மீனை அவித்து என் முன்னால் வைத்தாள். "இங்கயே தின்னு" என்றாள். தின்றேன். அழுதுகொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டு, முள்ளைத் துப்பித் துப்பித் தின்றேன். அவள் என்னைப் பிள்ளைகளுக்கு முன்னால் உதறிய உதறல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போய் நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இவள் சொல்லி நான் என்ன சொல்வது என்று நினைத்தேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவு ஆங்காரம்.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பிள்ளைக்காம்பரா அடுப்புக்குப் பக்கத்தில் ஆயம்மா ஒரு தட்டு வைத்து, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பாள். யாரையும் தொடவிடமாட்டாள். ஒருநாள் அவள் ஒரு கைப்பிள்ளையைக் கழுவப் போன நேரத்தில் தூக்கிப் பார்த்தேன். முழு மீன் ஒன்று, பக்கத்தில் ரெண்டு துண்டுக் கிழங்கு. மறுநாளும் பார்த்தேன். புதிதாக இன்னொரு மீன் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். "ஆயம்மா ஒரு மீன ஒளிச்சி வச்சித் திங்கிறா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். தெனமும் வைக்கிறா."

பசித்துக் கிடக்கிற லயத்துக்கு அது போதும். வாசலுக்கு வாசல் பேச்சுப் போயிற்று. அவள் புதன்கிழமை காலையில் மாவு கேட்டு ஒப்பீசுக்குப் போவாள், திரும்ப மத்தியானம் ஆகும். அதையும் நான்தான் சொன்னேன். அந்தப் புதன்கிழமை ஆண்கள் மண்வெட்டியோடு போய்க் குளத்தின் கரையை வெட்டினார்கள். என் அப்பா முதல் வெட்டு வெட்டினார். தண்ணீர் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி இறங்கியது. அரை நாள்கூட ஆகவில்லை. சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. நாங்களும் கூடை கூடையாகப் பொறுக்கிக் கொடுத்தோம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரிய மீன்களை எல்லாம் பலாபத்வலைச் சந்திக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அந்தக் காசில் கசிப்புச் சாராயம் வந்தது. மிச்சம் லயத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் அப்பா நடுத்துண்டைத் தின்றார், எனக்கு வால். அம்மாவுக்குத் தலை ஒன்று கிடைத்தது. அப்பாவும் பசித்துத்தானே கிடந்தார் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.

ஆயம்மா வந்து பார்த்தாள். அவளுடைய திட்டு மேல் லயம் வரை கேட்டது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கை அளவுக்குக் கீழான குஞ்சுகள் சில, சேற்றுக் குழிகளில் இன்னும் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தகரக் கோப்பையில் அள்ளி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற தொட்டியில் விட்டாள். பதினொரு குஞ்சு. "மழைக்குக் கரையக் கட்டி விட்டா ரெண்டு வருசத்துல பெருகிரும். இதையும் எவனாவது தொட்டா கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தம்பியின் அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. வாயைத் திறப்பான், சத்தம் வராது. அம்மா அவனை உலுக்கி உலுக்கிப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்று வெயில் ஏறும் நேரம் ஆயம்மா ஒரு சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததை அன்றைக்குத்தான் கண்டோம். தீட்டு வீட்டுக்குள் நேரே நுழைந்து சட்டியை அம்மாவின் மடியில் வைத்தாள். திரும்பிப் போய் வாசற்படியில், வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தபடி, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வந்தீன்னா நடக்கிறது வேற" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா நகரவில்லை. அம்மா சாப்பிட்டாள். குழம்பைச் சட்டியோடு தூக்கிக் குடித்தாள். நான் மூலையில் நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன மீன். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. தொட்டியிலிருந்த குஞ்சுகள்.

"ஏன்டி," என்றாள் ஆயம்மா அம்மாவிடம், திரும்பாமலே. "வரச்சொல்லி அனுப்பினேனே. தெனமும் ஒனக்கு ஒரு மீன எடுத்து மூடி வச்சிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். தீட்டு தீட்டுன்னு இருந்துட்டியா?"

அம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லலயே ஆயம்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆயம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே அப்பாவும் பார்த்தார். "நான் சொல்லல" என்றேன். "தட்டையும் நான்தான் தெறந்து பாத்தேன்."

அவள் அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, "ஒரு பக்கம் குடுத்துப் பாரு" என்றாள். அம்மா தம்பியை மார்பில் போட்டாள். அவன் இழுத்தான். மறுபடி இழுத்தான். அன்று பின்னேரம் அவனுடைய அழுகை அடுத்த லயத்துக்கே கேட்டது. இப்போது அவன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறான், பெரிய தொந்தி.

குளம் அதோடு போயிற்று. மழை வந்தது, கரையைக் கட்ட ஆளும் வந்தது, விட மீன் இல்லை.

ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் இன்னும் ஒன்று நடந்தது. தம்பி குடிக்கத் தொடங்கியதும் ஆயம்மா என்னைக் கூப்பிட்டாள். "கைய விரி" என்றாள். விரித்தேன். சட்டியில் மிஞ்சியிருந்த ஒரு மீனை எடுத்து என் மணிக்கட்டிலிருந்து நீட்டி வைத்தாள். உள்ளங்கையில் பாதிகூட வரவில்லை.

"எம்புட்டு இருக்கு?"

"பாதி."

"தண்ணிக்குப் போகவேண்டியது."

"ம்."

"இங்கயே தின்னு."

எனக்கு வேண்டாம், அம்மாவுக்குக் கொடுங்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. எனக்கும் மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தின்றேன். முள்ளையும் துப்பாமல் தின்றேன். நான் முடிக்கும் வரை அவள் வாசலை விட்டு எழும்பவில்லை.